மாவுக்கடைப் புகை

வா கண்ணு, உள்ள வா. செருப்ப அங்கியே உட்டுட்டு வா. திருப்பூர்லருந்து ஓனரு போன் பண்ணிச் சொன்னாரு, பக்கத்து ஊட்டப் பாக்க ஒரு பொண்ணு வருதுன்னு. சாவி எங்கிட்டத்தான் இருக்குது. காட்டறேன், காட்டறேன், அதுக்குள்ள என்ன அவசரம்? ஊடு எங்கியும் ஓடிப்போகாது. எங்க ஆசாரம், இந்த முன்கூடம், இதோட செவுருதான் அந்த ஊட்டு முன்ரூமுக்கும் செவுரு. சித்த உக்காரு. அந்தச் சேருல வேண்டாங் கண்ணு, அது எங்கூட்டுக்காரரு சேரு. இக்கட்ட உக்காரு.

என்ன கடை போடறே? தையக்கடையா. நல்லது. மோட்டாரு வெச்ச மிசினா, கால்ல மிதிக்கறதா? சரி, கரண்டு போனா என்ன பண்ணுவே? ஜெனரேட்டரு கிது? இல்லியே? நல்லா யோசிச்சுச் சொல்லு. அப்புறமேட்டுக்கு வாங்கறேன்னு வந்து நின்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். எதுக்குக் கேக்கறேன்னா, அந்த ஊட்டுல கடைசியா இருந்தவள நாந்தான் கெளப்புனேன். ஓனருகிட்டக் கேட்டா, அவங்களாக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கம்பாரு. அவருக்கென்ன தெரியும்? நாந்தான். குடி வர்றவ இதத் தெரிஞ்சுக்கிட்டு வர்றது நல்லது.

அந்த மூலையில வெள்ளையா ஒண்ணு நிக்குதே, அது என்னன்னு சொல்லு பாக்கலாம். வர்றவங்க எல்லாருமே குட்டி பிரிட்ஜும்பாங்க. காத்தச் சுத்தம் பண்ற மிசினு கண்ணு அது. எம்பொண்ணு சுகந்தி, உடுமலையில கட்டிக் குடுத்திருக்கறேன், அவ வாங்கிக் குடுத்தா, அப்பாவுக்காக. நெத்தியில லைட்டு எரியுதா? பச்சைன்னாக் காத்து நல்லாருக்குது. மஞ்சன்னா சுமாரு. செவப்பாச்சுன்னாக் காத்துக் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். பொய்யே சொல்லாது. மனுசங்க சொல்லுவாங்க, அது சொல்லாது.

எங்கூட்டுக்காரரு நாச்சிமுத்து மில்லுல பஞ்சு பிரிக்கற எடத்துலயே காலத்தத் தள்ளுனவரு. மீசை, புருவம் எல்லாம் பஞ்சு ஒட்டிட்டுத்தான் ஊட்டுக்கு வருவாரு. ஒட்டுனது போக மீதியெல்லாம் நெஞ்சுக்குள்ள போயி உக்காந்துக்கிச்சு. வேலைய உட்டு நின்னதும் மூச்சு இளுப்பு ஆரம்பிச்சிருச்சு. தூசி புகை ஆகவே ஆகாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. அதுக்கு இந்த மிசினு. கரண்டு போனா மிசினு நின்னுருமேன்னு இன்வெர்ட்டரு. நம்மூருலதான் சொல்லாமக் கொள்ளாமப் போகுதே. அந்த இன்வெர்ட்டர்ல பேனு கெடையாது, லைட்டு கெடையாது, இந்த மிசினு மட்டுந்தான். நான் வேர்த்து ஒழுகிட்டு விசிறியோட உக்காந்திருப்பேன். டிவிக்கும் ஒரு ஒயரு இழுத்துத் தரட்டுமான்னு எலெக்ட்ரீசியன் கேட்டான், போடா அக்கட்டன்னு தாட்டி உட்டுட்டேன். பேட்டரி பூராவும் அந்த மனுசன் மூச்சுக்குத்தான் போகோணும். வேற என்ன வேணும் எனக்கு?

அப்பத்தான் அவ வந்தா. ருக்மணி. இட்லி மாவு ஆட்டி விக்கறவ. புருசன் திருமூர்த்தி, சாமான் ஆட்டோவுல கடை கடையா மாவுப் பாக்கெட்டு போடறவன். குடி வந்த அன்னிக்கே அக்கா அக்கான்னு ஒரு தூக்குப்போசி நெறைய மாவு கொண்டாந்து குடுத்தா. தோசை நல்லாத்தான் வந்துச்சு. இருக்கறதச் சொல்லோணுமில்ல.

மாவாட்டறவளுக்குக் கரண்டு போனாப் பொழப்புப் போச்சு. ஒரு ஜெனரேட்டரக் கொண்டாந்து சந்துல வெச்சா. எங்க? எங்க சன்னலுக்கு நேரா! மொத மொத அது டுர்ருன்னு கத்துன அன்னிக்கு டீசல் வாடை குப்புன்னு உள்ள வந்துச்சு. நான் உடுவனா? சன்னலெல்லாம் சாத்துனேன். கதவச் சாத்தி, கீழ இடுக்குல பழைய சேலையச் சுருட்டி வெச்சேன். ஒரு எறும்பு வர வழியில்ல. ஆனா உள்ள வந்துட்ட கெட்ட காத்து வந்ததுதான? அத வெரட்டோணுமே. தூபக்கால்ல தேங்காத்தொட்டிக் கரியக் கனிய வெச்சு, கைநெறைய சாம்பிராணி போட்டு, ஆசாரம் பூரா காட்டிட்டு, அவ செவுத்தோரமாக் கொண்டுபோயி வெச்சேன். அவ கண்ணுபடற பக்கமாச்சே. வெள்ளி, செவ்வா போடறதுதான், அப்பெல்லாம் சன்னல் தொறந்து கெடக்கும், பாதி வெளிய போயிரும். அன்னிக்கு அத்தனையும் ஊட்டுக்குள்ளயே நின்னுச்சு. கோயில் கருவறையாட்டம் மணந்துச்சு போ.

சித்த நேரந்தான். மிசினு மஞ்சளாச்சு, செவப்பாச்சு. அவருக்கு இளுப்பு வந்திருச்சு. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு, வாயத் தொறக்கறாரு, பேச்சு வர்ல. என்னங்க, என்னங்கன்னு உலுக்கறேன். அந்த மனுசன் கையத் தூக்கி, வெரலை நீட்டிச் செவுத்தக் காட்டறாரு. அவ செவுத்த! சாமி சத்தியமாச் சொல்றேன் கண்ணு, அந்தா தூபக்கால் வெச்சிருக்கறன் பாரு, நேரா அங்கதான் காட்டுனாரு. பேச முடியாத மனுசன் கைய நீட்டிக் காட்டறதுக்கு மேல எனக்கென்ன சாட்சி வேணும்?

விறுவிறுன்னு போனேன். கடையில நல்ல கூட்டம். ஏண்டி, எம் புருசனக் கொல்லோணும்னே வந்திருக்கறயான்னு கேட்டேன். மொதல்ல அவ பம்முனா. தள்ளி வெச்சுக்கறனுங்கக்கான்னா. நான் உடல, நாலு வார்த்தை நல்லாக் கேட்டேன். அதுக்கு அவ சொன்னா பாரு, அத்தனை பேரு முன்னால. "அக்கா, எங்க புகை சந்தோட போயிருதுங்க. உங்க ஊட்டுப் புகைதான் சன்னல் இடுக்குல வந்து எம் மாவுச் சட்டியெல்லாம் மணக்குது. மொதல்ல அதப் பாருங்க"ன்னா. கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. பால்கார ராக்கியப்பன் இருக்கறானே, அவன் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுக்குள்ள கேக்குது.

சாம்பிராணியப் புகைன்னு சொல்லிப்போட்டா கண்ணு! சாமிக்குக் காட்டறது அது. பொறந்த கொழந்தைக்குத் தலைக்கு ஊத்துனா அதத்தான் காட்டறோம். நோவு நொடி அண்டாம இருக்கறதுக்குன்னே போடறது. அவ டீசலும் எங்க சாம்பிராணியும் ஒண்ணா? ஊட்டுக்கு வந்தும் ஆறல. நெஞ்சுக்குள்ள தோசைக்கல்லு மாதிரி காஞ்சுக்கிட்டே இருந்துச்சு. உன்னைய இந்தச் செவுத்துக்கு அக்கட்ட இருந்து கெளப்பாம உடறதில்லடின்னு அன்னிக்கே மனசுல முடிஞ்சு வெச்சேன்.

அடுத்த வாரமே ஜெனரேட்டர ரோட்டுப் பக்கமா மாத்துனா. பெரிய கொழாய் ஒண்ணு மாட்டி, புகைய மொட்டைமாடிக்கு மேல உட்டா. பாத்தியா? தப்பு இல்லாதவ எதுக்கு மாத்தறா? மாத்தி என்ன பிரயோஜனம்? அடுத்த தடவை கரண்டு போச்சு. நான் சன்னலச் சாத்தி, சேலையச் சொருகி, முன்ன விட ரெண்டு பிடி சேத்தி சாம்பிராணி போட்டேன். அப்பவும் செவப்பு. அப்பவும் இளுப்பு. அப்பவும் அதே வெரலு, அதே செவுரு. கொழாய்க்குள்ள விட்டா எனக்குத் தெரியாமப் போயிருமா?

நான் சத்தம் போடல கண்ணு. சத்தம் போடறவ காரியத்தக் கெடுத்துக்குவா. கோயில்ல பக்கத்துல உக்காந்தவகிட்ட மெதுவாக் கேட்டேன், உங்களுக்கு மாவுல டீசல் வாடை அடிக்கலீங்களான்னு. அவ்வளவுதான். ரேஷன் கடை வரிசையில கேட்டேன். பால் ஊத்தற எடத்துல கேட்டேன். நான் அடிக்குதுன்னு சொல்லவே இல்ல பாத்துக்கோ. அடிக்கலீங்களான்னுதான் கேட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே ரெண்டு ஊட்டுல இட்லியக் கொட்டிப்போட்டாங்க. வாடை அடிச்சுதாமா! எனக்கே ஆச்சரியமாப் போச்சு.

அப்புறம் மேல வீதியில ஒரு கல்யாணம் வந்துச்சு. மூணு வேளைக்கும் இவகிட்டத்தான் மாவு சொல்லியிருந்தாங்க. ஊற வெச்சு, ஆட்டி, அண்டா அண்டாவா வெச்சிருந்தா. பொண்ணோட அம்மாவ நான் பூக்கடையில பாத்தேன். பாவம், நல்ல காரியத்துல வாந்தி பேதின்னு ஒண்ணு ஆயிருச்சுன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். வேற ஒண்ணுமே சொல்லல. அந்தம்மா மொகம் செத்துப்போச்சு. வேண்டாம்னு ஆளச் சொல்லி உட்டுட்டாங்க.

மக்யா நாளு, அதான் மறுநா, வெயில் ஏற ஏற மாவு பொங்கி வழியுது. வாங்க நாதியில்ல. அண்டாவச் சாய்ச்சுச் சாக்கடையில ஊத்தறா கண்ணு ருக்மணி. ஊத்திக்கிட்டே அழுகறா. வெள்ளைவெளேர்னு ஓடுது, பாலாட்டம். நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? சன்னலத் தொறந்து வெச்சுக்கிட்டு, ஒரு கரண்டி சக்கரை சேத்திப் போட்டுக் காப்பி கலந்து, நின்னு நெதானமாக் குடிச்சேன். அன்னிக்குக் காப்பி இனிச்ச மாதிரி என் ஆயுசுல இனிச்சதில்ல. எங்கூட்டுக்காரரு இந்தச் சேருல உக்காந்து என்னையவே பாத்துக்கிட்டிருந்தாரு. என்னங்கன்னேன். ஒண்ணுமில்லன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. அவரு வாயில்லாப் பூச்சி. சண்டை சச்சரவுன்னா எந்திரிச்சுப் போயிருவாரு. எல்லாத்துக்கும் நாந்தான் நிக்கோணும்.

கடை படுத்திருச்சு. கிரைண்டர வித்தாங்க. ஜெனரேட்டர ஒருத்தன் வந்து வண்டியில ஏத்திட்டுப் போனான். அது போகும்போது வாசல்ல நின்னு பாத்தேன், சாமி ஊர்வலம் பாக்கற மாதிரி. நீ என்ன கண்ணு, தண்ணி குடிக்கறயா? மொகம் ஒரு மாதிரி இருக்குது. இந்தா, சொம்புல இருக்குது, குடி.

இப்ப இதக் கேளு. ஜெனரேட்டரு போயிருச்சு. இனி ஏது புகை? அப்படித்தான நீயும் நெனைப்பே? நானும் அப்படித்தான் நெனச்சேன். அவங்க ஊட்டக் காலி பண்றதுக்கு முந்தி ஒரு நா கரண்டு போச்சு. சரி, எதுக்கும் இருக்கட்டும், அவ இன்னும் பக்கத்துலதான இருக்கறா, வயித்தெரிச்சல்ல கெடக்கறவ கண்ணு பொல்லாததுன்னு கதவு சன்னலச் சாத்தி, தட்டு நெறையப் போட்டேன் சாம்பிராணி. அன்னிக்கு வந்த இளுப்பு மாதிரி என்னிக்கும் வந்ததில்ல. ஒதடு நீலம் பாஞ்சு போச்சு. ஐயோன்னு கத்திக்கிட்டு வீதிக்கு ஓடுனேன். ஒரு வண்டி இல்ல. திருமூர்த்திதான் ஓடியாந்தான். ஒரே தூக்குல தூக்கிச் சாமான் ஆட்டோ பின்னால போட்டான். ருக்மணி மடியில அவரு தல. நான் காலப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன். காத்து அடிக்குது மூஞ்சியில. ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே அவருக்கு மூச்சு பாதி சீராயிருச்சு.

நெனச்சுப் பாரு. எதுக்கு அவங்க ஓடியாரோணும்? நான் அவ்வளவு பண்ணியும்? பண்ணுன பாவம் உறுத்துது, வேறென்ன!

அந்த டாக்டரு சின்ன வயசு. வீட்டுல யாராவது புகை போடறீங்களாம்மான்னு கேட்டாரு. எனக்கு ரோசமாப் போச்சு. பீடி சிகரெட்டத் தொட்டவங்க எங்க பரம்பரையிலயே இல்லீங்க, பக்கத்து ஊட்டு ஜெனரேட்டரத்தான் கேக்கோணும்னேன். கட்டில்ல படுத்துக்கிட்டு எங்கூட்டுக்காரரு கண்ண மூடிக்கிட்டாரு. சுகந்தி அன்னிக்கே வந்து அப்பாவ உடுமலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. அங்க போனதுலருந்து இளுப்பே இல்லியாமா. மருந்து கூட எடுக்கறதில்லியாமா. அங்கெல்லாம் நல்ல காத்துன்னு சொல்லிக்கறாங்க. மிசினு இங்க, காத்து அங்கியா?

போன்ல என்ன சொல்றா தெரியுமா எம்பொண்ணு? "அம்மா, அந்தத் தூபத்தக் கொஞ்ச நாளு நிறுத்திப் பாரும்மா. கரண்டு போயிட்டு வர்ற வரைக்கும் பச்சை லைட்டே எரியட்டும். ஒரே ஒரு தடவை எரியட்டும். அன்னிக்கே அப்பாவக் கூட்டிட்டு வந்து உடறேன்"ங்கறா. ருக்மணி என்ன ஓதுனாளோ, பெத்த பொண்ணே அவ பேச்சப் பேசறா. சாமி காரியத்த நிறுத்தச் சொல்றா பாரு.

ஆனா ஒண்ணு சொல்றேன் கண்ணு. அந்த மனுசன் இல்லாத ஊட்டுல எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. கோவமெல்லாம் வெளியிலதான். சாயங்காலமானா அந்தச் சேரத் தொடைச்சு வெக்கறேன். காப்பி ரெண்டு டம்ளர் கலந்துட்டு, ஒண்ண எடுத்துக் கீழ ஊத்தறேன். அவரு வந்துட்டாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம். அதுக்குத்தான் சாவிய எடுத்துட்டுப் போயி அந்த ஊட்ட நானே பினாயில் ஊத்திக் கழுவி உட்டேன். அவ மிதிச்ச தடம் இருக்கக் கூடாதுன்னு. அங்கியும் சாம்பிராணி போட்டேன், மூலை மூலைக்கு. இப்ப ஊடு சுத்தமா இருக்குது. இன்னிக்கு மாசாந்திரக் கரண்டுக் கட்டு, பேப்பர்ல போட்டிருந்தான். இன்னிக்குப் பச்சை எரியும். எரிஞ்சுதுன்னா நாளைக்கு அவரு இந்தச் சேருல.

போச்சு! போயிருச்சு கண்ணு! பேனு நின்னுபோச்சு பாரு. மிசினு ஓடுதா? ஓடுது, ஓடுது. பச்சை! எந்திரி, எந்திரி, அந்தச் சன்னலச் சாத்து. நல்லாக் கொக்கி போடு. கதவ நான் சாத்தறேன். அந்தச் சேலைய எடு, காலுல தள்ளு, ஆங், அப்படி. இப்பப் பாரு, கல்லாட்டம் பச்சை. இந்தா எம் போனு, சுகந்திக்குப் போடு. மொகம் தெரியற மாதிரி போடத் தெரியுமா உனக்கு? போடு, போடு.

சுகந்தி! அப்பாவக் கூப்புடு. வந்துட்டீங்களா? பாருங்க, மிசினப் பாருங்க! தெரியுதுங்களா? பச்சை! நான் சொன்னனா இல்லியா? நல்லா இருக்கீங்களா? மொகம் தெளிஞ்சிருச்சு. சட்டை எதுக்கு இப்படிக் கசங்கிக் கெடக்குது, தேய்ச்சுக் குடுக்க ஆளில்லியா அங்க? பக்கத்து ஊட்டுக்கு இந்தப் பொண்ணு வருது, தையக்காரி, ஜெனரேட்டரெல்லாம் இல்லீங்க, கேட்டுட்டேன். இருங்க, இருங்க, வெச்சறாதீங்க. கண்ணு, போன நீயே புடிச்சுக்க, மிசினுக்கு நேரா. கரி அடுப்புல காலையிலருந்து கனிஞ்சு கெடக்குது. ஒரு நிமிசம்.

இந்தா வந்துட்டேன். நல்ல சாம்பிராணிங்க, பழநியிலருந்து வாங்கியாந்தது. உங்களுக்குன்னே வெச்சிருந்தேன். இன்னிக்குப் போட்டுட்டா எல்லாக் கழிவும் கழிஞ்சுது. பாருங்க எப்படி எந்திரிக்குதுன்னு! என்ன சுகந்தி? என்ன சொல்றே? கேக்கல. செவுத்தோரமா வெக்கறேன், எப்பவும் வெக்கற எடந்தான். நீ ஏங் கண்ணு இப்படி இருமறே? தண்ணியக் குடி. போன ஆட்டாத. நேராப் புடி.

ஏனுங்க, பேசுங்க. என்ன பாக்கறீங்க?

மஞ்சளாகுது. அட, என்ன இது. கண்ணு, மஞ்சளாகுது பாரு. இல்ல, இல்ல. ஐயோ, செவப்பு. செவப்பாயிருச்சே! ஏனுங்க, வெச்சறாதீங்க, சித்த இருங்க. கையத் தூக்கறாரு. பாரு, பாரு, அங்கிருந்தே கையத் தூக்கறாரு. வெரலை நீட்டறாரு. அந்தச் செவுத்தத்தான் காட்டறாரு! அதே செவுரு!

வெச்சுட்டாங்க.

ருக்மணி இல்ல. ஜெனரேட்டரு இல்ல. ஊட்டக் கழுவி உட்டாச்சு. காலையிலருந்து பச்சையாத்தான் எரிஞ்சுது. நீ வர்ற வரைக்கும் பச்சைதான்.

கதவத் தொறக்காத. இருமுனா இருமிட்டுப் போகுது, கம்முனு உக்காரு. இன்னும் சாமான் ஒண்ணு எறக்கல, அட்வான்ஸ் குடுக்கல, அதுக்குள்ள அந்த மனுசன் உன் பக்கம் கையக் காட்டிப்போட்டாரு. என்ன கொண்டாந்த நீ எங்க ஊட்டுக்குள்ள?

உம் பேரு என்னன்னு சொன்ன?